‘ஆள் இல்லை’ என்று நான் எழுதிய வீடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஐப்பசி மாதம். திருகோணமலை நகரில் இருந்த ஒரு நிவாரண நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்துப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. பதவியின் பெயர் வெளிக்கள உத்தியோகத்தர். ஒரு சைக்கிள், ஒரு கோப்பு, படம் ஒட்டிய ஓர் அடையாள அட்டை, இவ்வளவும் தந்தார்கள். அந்த அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும் என்று, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் காலையில் பாண் வாங்கவும் போவேன். வயது இருபத்திரண்டு. மண்டைக்கனத்துக்குக் குறைவில்லை.

இப்போது எனக்குத் தலை நரைத்துவிட்டது. இந்தத் துறைக்கு வரப்போகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறார்கள். புத்திமதி சொல்லும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. நான் தொடங்கிய விதத்தைச் சொல்கிறேன், அதற்கு நேர்மாறாகச் செய்தால் போதும் என்று இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பாதிக்குப் பிறகு சிலர் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணிப் பக்கம், கடல்நீர்க் களப்போரமாக ஒரு சிறிய குடியிருப்பு. முஸ்லிம் குடும்பங்கள். ஆண்கள் தோணியிலும் வயலிலும் வேலை செய்கிறவர்கள். சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது வீடுகளில் சுவர் இருந்தது, கூரை இல்லை. தென்னோலைக் கிடுகையும் பொலித்தீனையும் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நிறுவனம் அவர்களுக்குத் தகரம் கொடுப்பதாக ஏற்பாடு. மாரி மழை பிடிப்பதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பெயர் எடுத்து வர வேண்டியது என் பொறுப்பு.

எங்கள் பொறுப்பாளர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை நாங்கள் சேர் என்போம். படிவம் என்றால் அவருக்கு உயிர். முன்பு வேறெங்கோ ஒரே ஆள் இரண்டு பெயரில் பொருள் வாங்கிவிட்டாராம். அதற்காகவே ஒரு புது விதி போட்டிருந்தார். வீட்டு உரிமையாளரை நான் நேரில் காண வேண்டும், அடையாள அட்டைப் படத்தோடு முகத்தை ஒத்துப் பார்க்க வேண்டும், என் கண் முன்னால் கையெழுத்து வாங்க வேண்டும், பிறகு ‘நேரில் கண்டேன்’ என்ற கட்டத்தில் நான் ஒப்பமிட வேண்டும். “காணாத ஆளைக் கண்டதெண்டு எழுதினீரெண்டால் அண்டைக்கே நீர் வீட்டை போகலாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில் சைக்கிளோடு ஏறித்தான் கடக்க வேண்டும். கடப்பதற்கு முன் ஒரு சோதனைச் சாவடி, கடந்த பின் இன்னொன்று. இரண்டு இடத்திலும் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டுவதில் எனக்கு ஒரு தனிச் சுகம்.

இரண்டே நாளில் முப்பத்திரண்டு வீடு முடித்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஓடிப்போய் ஒரு கதிரை கொண்டுவந்து போடுவார்கள். நான் உட்கார மாட்டேன். ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றக் காலைச் சைக்கிள் பாருக்கு மேலே போட்டு, கோப்பை ஹாண்டிலில் வைத்து எழுதிக்கொண்டு போய்விடுவேன். அதுதான் சுறுசுறுப்பு என்று என் எண்ணம்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். அந்த வீடும் இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருவரின் பெயரில் இருந்தது. வாசலுக்கு வந்தவர் அவருடைய தகப்பனார்.

“தம்பி, மகள் இத்தா இரிக்கிறா. வெளிய வர ஏலா. நான் வாப்பாதான். நான் ஒப்பம் வெச்சாச் சரிவராதா?” என்றார்.

இத்தா என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களில் பாதிப் பேர் முஸ்லிம் பெடியள். பெருநாளுக்குப் பெருநாள் அவர்கள் வீடுகளில் வயிறு முட்டச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆனாலும் தெரியாது. ஏதோ நோன்பு மாதிரி ஒன்றாக்கும் என்று நினைத்தேன். அந்த மனிதரிடமே கேட்டிருக்கலாம். கழுத்தில் அட்டை தொங்கும்போது எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? எல்லாம் விளங்கியவன்போலத் தலையை ஆட்டினேன். எப்போது முடியும் என்று மட்டும் கேட்டேன். இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது என்றார். மூன்று மாதம் நான் எங்கே காத்துக்கொண்டிருப்பது? ‘நேரில் கண்டேன்’ கட்டத்துக்குள் ‘ஆள் இல்லை’ என்று எழுதினேன். நான் எழுதுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பட்டியல் முப்பத்தொரு பெயரோடு தயாரானது. தகரம் துறை கடப்பதற்கு இராணுவ முகாமில் அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும். சேர் நாலைந்து தடவை அலைந்து, வியாழக்கிழமை வரைக்கும் செல்லுபடியாகிற ஒரு பாஸ் வாங்கியிருந்தார். அது தவறினால் அடுத்த பாஸ் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. திங்கட்கிழமை காலை, ஊர்க்காரரைக் கூட்டிப் பெயர்களை வாசிக்கப் போனேன்.

பள்ளிக்கூட விறாந்தையில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முப்பத்தொரு பெயரையும் வாசித்து முடித்தேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. யாரும் தட்டவில்லை. பெண்கள் பக்கத்தில் இருந்து வயதான ஓர் அம்மாவின் குரல், “இத்தா இரிக்கிற புள்ளட பேர் எங்க தம்பி?” என்று கேட்டது.

நான் விதியை விளக்கினேன். நேரில் காணாதவரின் பெயரைச் சேர்க்க முடியாது, மூன்று மாதம் கழித்து அவர் வந்தபிறகு பார்க்கலாம் என்றேன். அந்த அம்மாவுக்கு என்னைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கிச் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவர் மலேரியாக் காய்ச்சலில் இறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கணவரை இழந்தவர் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருப்பார். அந்நிய ஆண் யாரும் அவரைப் பார்க்கக்கூடாது. அதுதான் இத்தா. அவர் எங்கேயும் போகவில்லை. நான் ‘ஆள் இல்லை’ என்று எழுதியபோது என்னிடமிருந்து நாலு முழம் தள்ளி, திரைக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறார்.

காது இரண்டும் சுட்டது. கடதாசியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அப்போது முன்னால் இருந்த ஒரு தோணிக்காரர் எழும்பினார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. நாலு பிள்ளைகளோடு பொலித்தீனுக்குக் கீழே இருக்கிற மனிதர்.

“அப்ப என்ட பேரயும் வெட்டுங்க தம்பி” என்றார்.

பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மழை வரப்போகிறதே, பிள்ளைகள் இருக்கிறார்களே என்றேன்.

“மழ எங்களுக்குப் புதிசா? எங்கட கூர ஒழுகினா அடுத்த ஊட்ட ஓடுவம், பள்ளிக்கூடத்துக்கு ஓடுவம். அந்தப் புள்ள எங்க ஓடும்? அவக்கு வெளிய வர ஏலாதே. ஒழுகினா ஒழுகிற இடத்திலதான் இரிக்கோணும். அவட ஊட்டுக்குத் தகரம் இல்லண்டா எங்களுக்கும் வாணாம்.”

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் பெயரையும் வெட்டச் சொன்னார். பிறகு பெண்கள் பக்கம். கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, பிள்ளையை ஒரு தோளில் இருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டே, எங்கடதையும் என்றாள். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. கடையில் சாமான் வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்கள். முப்பத்தொரு பெயரும் போனது. வெறும் கோப்போடு நான் நின்றேன்.

திரும்பி வரும்போது பாதையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு அழுகை வந்தது. வேலை போய்விடும் என்பதற்காக வந்த அழுகை கொஞ்சம். வெட்கத்தால் வந்ததுதான் மிச்சம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பாஸ் முடிய மூன்று நாள் இருந்தது.

சேர் முழுக் கதையையும் கேட்டார். பாவம், அவருக்கும் மனது கேட்கவில்லை. ஆனால் விதி விதிதானே. வாப்பாவின் ஒப்பம்? செல்லாது. ஊர்ப் பெரியவர்களின் கடிதம்? போதாது. வெளிக்கள உத்தியோகத்தர் நேரில் காண வேண்டும். வெளிக்கள உத்தியோகத்தர் ஆண். இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தோம்.

எங்கள் கந்தோரில் தட்டச்சு வேலை பார்த்த ஒரு பிள்ளை இருந்தாள். என் வயதுதான், நகரத்துப் பிள்ளை, நான் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவள். உண்மையில் அவளும் வெளிக்கள வேலைக்குத்தான் விண்ணப்பித்தவள். துறை கடந்து, சாவடி கடந்து பொம்பிளைப் பிள்ளை தனியப் போக வேண்டாம் என்று சேர்தான் அவளை மெஷினுக்கு முன்னால் இருத்திவிட்டார். அதைச் சொல்லி நானும் அவளைச் சீண்டியிருக்கிறேன். அவள் தட்டச்சை நிறுத்தாமலே பேசினாள்.

“ஆம்பிளை காணக்கூடாதெண்டால் பொம்பிளை காணலாம்தானே சேர்.”

“நீர் வெளிக்கள உத்தியோகத்தர் இல்லையே” என்றார் சேர்.

“அப்ப ஆக்கிவிடுங்கோ.”

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் சம்மதிக்கப்போகிறார் என்பதற்கு அடையாளம். “ஓம், நாளைக்கு மட்டும். நியமனக் கடிதம் ஒண்டு அடியும், ஒப்பம் வைக்கிறன்” என்றார். இரண்டு நிமிடத்தில் கடிதம் மேசைக்கு வந்தது. ஒவ்வோர் எழுத்தாக வாசித்துவிட்டு ஒப்பமிடுங்கள் என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிற மனிதர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வாசிக்காமலே ஒப்பமிட்டார்.

அந்தக் கடிதத்தில் முடிவுத் திகதி என்று ஒன்று இல்லவே இல்லை. அதை அவர் கண்டுபிடித்தது ஒரு மாதம் கழித்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார், கடிதத்தைக் கோப்பில் வைத்துவிட்டார். அதற்குள் அவள் இல்லாமல் எந்த ஊரிலும் எங்கள் வேலை ஓடாது என்றாகியிருந்தது. கிழமையில் இரண்டு நாள் அவளுடைய அறிக்கைகளை நான் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அவளைத்தான் பிறகு கலியாணம் செய்தீர்களா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை. அவளுக்கு என்னைவிட நல்ல மாப்பிள்ளை கிடைத்தான்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போனோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வாப்பா எனக்கு ஒரு கதிரை போட்டார். இந்த முறை உட்கார்ந்தேன். பிளேன்டீயும் சீனியும் வந்தது, குடித்தேன். என்னை மன்னித்துக்கொள்ளச் சொன்னேன்.

“அண்டைக்கே இத்தா எண்டா என்ன எண்டு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்தானே தம்பி” என்றார் அவர். “நீங்க தெரிஞ்ச ஆள் மாதிரித் தலைய ஆட்டினீங்க. சரி, தெரிஞ்சும் வெட்டுறார், அவங்கட சட்டம் அப்பிடியாக்கும் எண்டு நான் நெனச்சிட்டன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மாதத் துக்கத்துக்கு மேலே, தெரிந்துகொண்டே ஒருவன் தன் மகளை வெட்டிவிட்டுப் போனான் என்ற நினைப்போடு அந்த மனிதர் ஒரு கிழமை இருந்திருக்கிறார்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு படிவத்துக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு மணித்தியாலம் ஆகியும் அவள் வரவில்லை. திடீரென்று உள்ளே இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. வாப்பா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். “அவர் மௌத்தான பொறகு இண்டைக்குத்தான் மகள் சிரிக்கிற சத்தம் கேக்குது” என்றார். பிறகு எழுந்து வேலிப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது திரும்பி வரும்போது பாதையில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு நான் போனபோது அந்தப் பெண் திரை இடைவெளியால் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “நீலச் சட்ட போட்ட கொக்கு ஒண்டு வந்திச்சி. ஒத்தக் கால்ல நிண்டு எழுதிட்டுப் பறந்திட்டு” என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு நிறுவனத்தில் இருந்த அத்தனை வருடமும் என் பெயர் கொக்குத்தான். சேர்கூட ஓரிருமுறை வாய் தவறிக் கூப்பிட்டிருக்கிறார்.

அந்தப் பெண் இன்னொன்றும் சொல்லியனுப்பியிருந்தார். அவருடைய வளவுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், காது கேளாத ஒரு பெண் தனியாக இருக்கிறார், நான் அங்கே போகவே இல்லை என்று. உண்மைதான். சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தேன், யாரும் வரவில்லை, ஆளில்லாத காணி என்று போய்விட்டேன். வெளியே வர முடியாமல் அறைக்குள் இருந்தவருக்குத் தெரிந்த ஊர், சைக்கிளில் சுற்றிய எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் முப்பத்து மூன்று பெயர் ஆனது. மேலதிகமாக வைத்திருந்த தகரத்தையும் ஏற்றச் சொன்னார் சேர், மறுபேச்சில்லாமல்.

வியாழக்கிழமை காலை லொறி பாதையில் ஏறிக் கடந்தது. தகரம் இறங்கியதும் முதலில் எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. ஆண்கள் நேரே இத்தா இருந்த பெண்ணின் வீட்டுக்குத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் குசினிக்குள் இருக்க, இடையில் சீலை கட்டித் தொங்கவிட்டார்கள். தோணிக்காரர் மேலே ஏறினார், நான் ஏணியைப் பிடித்தேன். பகல் தொழுகைக்கு முன் கூரை முடிந்தது. அடுத்த வீட்டில் ஒரு தகரம் அடித்து, இரண்டாவதைத் தூக்கும்போது பிடித்தது பாருங்கள் மழை. சாரல் தூறல் என்று சும்மா பேச்சுக்கில்லை, ஒரேயடியாக ஊற்றியது.

பள்ளிக்கூடம் தூரம். பெண்கள் அத்தனை பேரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, பாயையும் அரிசிப் பானையையும் எடுத்துக்கொண்டு, ஊரில் கூரை போட்ட ஒரே வீட்டுக்குள் ஓடினார்கள். காது கேளாத அந்தப் பெண்ணையும் யாரோ கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் தட்டச்சுப் பிள்ளையும் உள்ளே. ஆண்கள் நாங்கள் லொறியை மூடும் படங்கைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வெளியே நின்றோம். தகரத்தில் மழை விழும் சத்தத்தையும் மீறி உள்ளேயிருந்து பிள்ளைகளின் கூச்சலும் பெண்களின் கதையும் கேட்டது. அந்தச் சின்ன வீட்டுக்குள் ஐம்பது பேருக்குக் குறையாது. தொப்பலாக நனைந்து நின்ற தோணிக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“என்ன தம்பி, ஊட்டுக்க ஆள் இரிக்கா, இல்லயா?” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன், மழையில் கண்ணீர் தெரியாது என்ற தைரியத்தில்.

அதன்பிறகு எத்தனையோ பயிற்சிகளுக்குப் போனேன், எத்தனையோ சான்றிதழ் வாங்கினேன். தலைக்கு மேலே கூரை இல்லாத முப்பத்தொரு குடும்பம், ஓட முடியாத ஒருத்திக்காக நனையச் சம்மதித்த அந்தக் காலைப்பொழுதுக்குப் பக்கத்தில் வைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. உதவி செய்ய வந்தவன் நான் என்று நினைத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்பே அங்கே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் இப்போதும் புதிதாக ஓர் ஊருக்குப் போனால், இந்த வேலையை இங்கே ஏற்கனவே செய்துகொண்டிருப்பவர்கள் யார் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன். அப்படி ஒருவர்கூட இல்லாத ஊர் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.